கூட்டுரோட்டில் விளக்கு மாத்துறாங்களா? கொஞ்சம் கவனிங்க

(மன்னார்குடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

வடுவூர் வழியா தஞ்சாவூர் போனாலும் சரி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கம் போனாலும் சரி, மன்னார்குடியைத் தாண்டினால் வயலுக்கு நடுவே ஒரு கூட்டுரோடு வரும். அங்கே இருக்கிற விளக்கைப் பற்றித்தான் பேசப் போறேன்.

மஞ்சள் சோடியம் விளக்கை எடுத்துட்டு வெள்ளை எல்இடி போடுற காலம் இது. "250 வாட் இருந்த இடத்துல 100 வாட் போட்டா போதுமா?" என்று கேட்பீங்க. போதும். சோடியம் விளக்கு நாலு பக்கமும் ஒளியைச் சிதறவிடும். எல்இடியை ரோட்டுப் பக்கமே திருப்பலாம். ராத்திரி 11 மணி நேரம் எரிந்தால் பழையதுக்கு 2.75 யூனிட், புதியதுக்கு 1.1 யூனிட். அந்த மின் கட்டணம் உங்க நகராட்சி, ஊராட்சிப் பணம்தானே.

ஆனா சிக்கனம் பாதிக் கதைதான். பழைய கம்பத்தில் விளக்கை மட்டும் மாற்றினால் கம்பத்தடி பளிச்சென்று இருக்கும், இரண்டு கம்பத்துக்கு நடுவே இருட்டு. வெளிச்சத்திலிருந்து வருகிற கண்ணுக்கு அது இன்னும் கருப்பாகத் தெரியும். தை மாதம் சம்பா அறுவடையில், பின்விளக்கு இல்லாத டிரெய்லர் நிற்பதும் ரோட்டில் நெல் காய்வதும் அந்த இருட்டில்தான் என்றால் என்ன ஆகும்? ஐஎஸ் 1944 என்ற இந்தியத் தரவிதி, மிக முக்கியச் சாலைக்குச் சராசரி 30 லக்ஸ் கேட்கிறது, அதற்கு அடுத்த நிலைக்கு 15. கூடவே, எந்த இடத்திலும் வெளிச்சம் சராசரியில் 40 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்கிறது. உயிரைக் காப்பாத்துறது இந்த இரண்டாவது கணக்குதான் என்பேன்.

நம்ம பக்கம் பல கம்பங்கள் மின்கம்பி இழுக்கிற தூரத்துக்காக நட்டவை, ரோட்டு வெளிச்சத்துக்காக அல்ல. 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்ததே, அப்போ கரண்ட் வந்தால் போதும் என்றுதானே இருந்தோம்! அதனால் விளக்கு மாற்றும்போதே "நடுவுல ஒரு கம்பம் கூடுதலா வேணும்" என்று கேளுங்க. பிறகு கேட்டால் புது மதிப்பீடு, புது ஒப்பந்தம், அலைச்சல்.

யாரிடம் கேட்பது? பெரும்பாலும் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு உள்ளாட்சியுடையது. இதில் நீங்க குழம்ப வேண்டாம். முதல்வரின் உதவி மையம் 1100-ஐ அழையுங்க. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. கம்பத்தில் எழுதியிருக்கிற எண்ணைச் சொல்லுங்க. உயர்கோபுர விளக்கு என்றால் "எரியல" என்று மொட்டையா சொல்லாமல், எட்டில் எத்தனை எரியுது என்று எண்ணிச் சொல்லுங்க.

போட்டோ எடுக்கும்போது போனில் நைட் மோடை அணைச்சிடுங்க. அது இருட்டையும் வெளிச்சமாக் காட்டிடும்; பார்க்கிற அதிகாரி "நல்லாத்தானே எரியுது" என்பார். ரோட்டு ஓரமா, வண்டி வராத பக்கம் நின்று எடுங்க. பகலில் எரிகிற விளக்கையும் விட்டுடாதீங்க. டைமர் கெட்டிருக்கலாம், அதே டைமர் விடியற்காலை 4 மணிக்கே விளக்கை அணைச்சிடலாம்.