தறிச் சத்தமும் தொழிலாளியின் காதும்

(தொழிலாளர் வகுப்பில் ஆற்றிய உரை)



தறிக்கூடத்துத் தோழர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். பின்னால் உட்கார்ந்தால் நான் பேசுவது உங்களில் பலருக்குக் கேட்காது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. 1886-இல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் தாமஸ் பார், பாய்லர் செய்யும் 100 தொழிலாளிகளின் காதைப் பரிசோதித்தார். பொதுக்கூட்டத்தில் பேசுவது சரியாகக் கேட்பதில்லை என்று அவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். தெருத்தெருவாக நடக்கும் தபால்காரர்களிடம் இந்தக் குறை மிகக் குறைவு. ஆகவே, காதைக் கெடுத்தது விதியல்ல, வேலை!

காதின் உள்ளே நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உண்டு. ஓயாத இரைச்சல் அவற்றைச் சாகடிக்கிறது. அறுத்த வயலுக்கு அடுத்த போகம் உண்டு. செத்த மயிரணுவுக்கு அடுத்த போகம் இல்லை. வலியும் தெரியாது. குழந்தையின் கீச்சுக்குரல் புரியாமல் போகும்போதுதான் நமக்கு உறைக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுவதற்கும் தூக்கம் கெடுவதற்கும் இதே இரைச்சல் ஒரு காரணமாகலாம்.

சத்தத்தை டெசிபல் என்று அளக்கிறார்கள். 10 டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி 10 மடங்காகிறது. 85 டெசிபலில் தினம் 8 மணி நேரம் நின்றாலே வருஷக் கணக்கில் காது கெடும். விசைத்தறிக் கூடத்தில் 90-ஐத் தாண்டுவது சாதாரணம். அளக்கக் கருவி இல்லையா? கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் ஆபத்தானது. கதிரடிக்கும் மெஷினுக்கும் டிராக்டருக்கும் இதே கணக்குத்தான்.

பரிகாரம் என்ன? முதலில் மெஷினைச் சரிசெய்ய வேண்டும். ஆடும் போல்ட்டுகளை இறுக்கி, தேய்ந்த பாகங்களை மாற்றி, எண்ணெய் போட்டு, தறியின் காலடியில் ரப்பர் திண்டு வைக்க வேண்டும். அடுத்து, ஒரே ஆளை நாள் முழுதும் இரைச்சலில் நிறுத்தாமல் மாற்றி மாற்றி வேலை தர வேண்டும். காதடைப்பான் கடைசிப் பாதுகாப்பு. காதில் பஞ்சைத் திணிப்பது போதாது. வருஷத்துக்கு ஒரு முறை காதுப் பரிசோதனையும் வேண்டும்.

இது யாரிடமும் கேட்கும் தர்மம் அல்ல. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. 2020-ஆம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நட்ட ஈடு பெறத்தக்க தொழில்நோய்களிலும் இது ஒன்று. ஆனால் பரிசோதனைச் சீட்டு கையில் இல்லாதவன் எதைக் காட்டி நட்ட ஈடு கேட்பான்? எனவே பரிசோதனையை இன்றே கேளுங்கள். தனித்தனியாக அல்ல, சங்கமாகக் கேளுங்கள்!