திலகவதியார் வளர்த்த பிள்ளை
(திருக்குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



திருவாமூரும் கள்ளக்குறிச்சியும் முன்னாளில் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்து ஊர்கள். இன்று திருவாமூர் கடலூர் மாவட்டத்தைச் சார்ந்தது. கள்ளக்குறிச்சியோ 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தனி மாவட்டமாயிற்று. ஆயினும் இவ்விரண்டு ஊர்களையும் ஒருங்கே நினைக்கச் செய்வதொரு துயரம் நிகழ்ந்தது.

2024-ஆம் ஆண்டு சூன் திங்களில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த சாராயத்தைக் குடித்தோர் வரிசையாக மடிந்தனர். இறந்தோர் 60-க்கும் மேற்பட்டோர். தாய் தந்தை இருவரையும் இழந்த சிறார்களும் உளர். அவர்களுக்கு 18 வயது வரை மாதந்தோறும் 5,000 ரூபாயும், ஒவ்வொருவர் பெயரிலும் 5 இலட்சம் ரூபாய் வைப்பு நிதியும், பட்டப்படிப்பு வரை கல்விச் செலவும் அளிப்பதாக அரசு அறிவித்தது. தக்க உதவியே. எனினும் நள்ளிரவில் திடுக்கிட்டு விழித்து ‘அம்மா’ என்றழைக்கும் குழந்தைக்கு வைப்பு நிதி மறுமொழி கூறுவதில்லை.

அம்மறுமொழி யாதென்பதைச் சேக்கிழார் பெருமான் திருநாவுக்கரசர் வரலாற்றிற் காட்டியருளினார். தந்தையார் புகழனார் மறைந்தார்; அன்னையார் மாதினியாரும் உடன் மறைந்தார். அத்துயர் ஆறுமுன்னரே, திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் நீத்தார் என்னும் செய்தி வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்த தமக்கையாரின் அடிகளில் வீழ்ந்து தம்பி மருணீக்கியார் அழுதார். அவர் பிரிந்தால் தாம் அவருக்கு முன்னே உயிர் துறப்பதாகக் கூறினார். அச்சொற் கேட்ட அம்மையார் தம்பிக்காக உயிர் தாங்கினார். ஈண்டு உற்று நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அழாதே என்று அவர் தம்பியைத் தடுத்திலர். ஆண்பிள்ளை அழலாமா என்று நம் வீடுகளிற் கேட்பதுபோற் கேட்டிலர். உடனிருந்தார், அவ்வளவே. துயர் நீங்கிய தம்பியோ பிறர்க்கு அறச்சாலைகள் அமைத்தார், தண்ணீர்ப்பந்தர் வைத்தார்.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955-ஆம் ஆண்டிற் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமையும் குடும்பக் கலகமும் சூழ்ந்த சிறார்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் தளராது நன்கு வளர்ந்தனர். அவர்க்குத் துணையாயின பலவற்றுள், தம்மைக் கைவிடாத ஒருவரேனும் அருகிலிருந்தமை தலையாயது. அவர் பெற்றோராகத்தான் இருத்தல் வேண்டுமென்பதில்லை. பாட்டியாகவோ, ஆசிரியராகவோ, அயலாராகவோ இருக்கலாம்.

மருணீக்கியாருக்கு வாராத ஓரிடர் கருணாபுரத்துப் பிள்ளைக்கு உண்டு. களத்தில் மடிந்தவனுக்கு ஊரார் நடுகல் எடுப்பர்; சாராயத்தால் மடிந்தவனுக்கோ பழியே எடுப்பர். அப்பழி குடித்தவனோடு எரிந்தொழியாமல், பள்ளிக்குச் செல்லும் அவன் மகள்மேல் ஏறுகின்றது. ‘குடிகாரன் பிள்ளை’ என்னும் சொல்லை ஒரு குழந்தை வகுப்பறையிற் கேட்குமாயின், அதன்பின் எவ்வளவு சோறிட்டும் பயனென்னை? பெற்றோர் வெளியூர் சென்றிருக்கின்றனர் என்று பொய் கூறி ஆற்றுவதும் தீங்கே. இறந்தனர் என்பதைக் குழந்தைக்கு விளங்கும் சொல்லாற் கூறி, அது உன் குற்றமன்று என்றும் கூறுதல் வேண்டும்.

கல்வராயன் மலையிலும் இக்கவலை உண்டு. பிழைப்பு நாடிப் பெற்றோர் வெளியூர் செல்ல, பாட்டியரிடத்தும் உறைவிடப் பள்ளிகளிலும் வளரும் சிறார் பலர். மலைக்கு அரிசியும் ஆடையும் அனுப்பும் புரவலர் போற்றற்குரியர். ஆனால் ஆடை தந்தவர் மறுதிங்களும் வருவாரா என்பதையே குழந்தை எண்ணிப் பார்க்கும்.

திலகவதியாரின் தம்பி பின்னர் வேறு நெறி சார்ந்து அகன்றார். அப்போதும் அம்மையார் வசை கூறினாரல்லர். திருவதிகையில் திருவலகும் மெழுகும் ஏந்தித் தொண்டு செய்து காத்திருந்தார். சூலை நோயுற்று அவர் இரவில் வந்து வீழ்ந்தபோது, ஏன் சென்றாய் என்னும் வினா எழவில்லை, திருநீறே கிடைத்தது.

கருணாபுரத்துத் துயர் நாள் ஆண்டுதோறும் ஆனி பிறந்த ஐந்தாம் நாளை ஒட்டி வரும். திருப்பணிக்குப் பொருளீந்த பெருமக்களுள் ஒருவர் அன்று மாலை அங்கு ஒரு பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பாராக. மறு ஆண்டும் அவரே வருவாராக.