வீட்டிலே பார்த்த நான்கு படங்கள்



நான் திரைப்படக் கலையில் வல்லவன் அல்லன். கலேவெலயில் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக இருப்பவன். வரவு இடாப்பையும் சுற்றுநிருபங்களையும் பார்த்துப் பழகிய கண்கள் என்னுடையவை. ஆயினும், சென்ற விடுமுறையில் வீட்டிலிருந்தபடியே சில படங்களைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. அவை பற்றி எனக்குத் தோன்றியவற்றைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

எங்கள் இளமைக் காலத்தில் படம் பார்ப்பதென்பது ஒரு பிரயாணம். மாத்தளைக்கோ குருநாகலுக்கோ பஸ் ஏறிச் சென்று, வரிசையில் நின்று சீட்டு வாங்கி, படம் முடிந்ததும் கடைசி பஸ்ஸைத் தவறவிடாமல் ஓடி வரவேண்டும். இன்றோ, பல்கலைக்கழகத்திற் பயிலும் என் மகள் தன் மடிக்கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துவிட்டால், வீட்டு விறாந்தையே கொட்டகையாகிவிடுகிறது. பழைய கொட்டகையில் இல்லாத ஒரு வசதியும் இங்கே உண்டு. வேண்டிய இடத்தில் படத்தை நிறுத்தலாம், நிறுத்திவிட்டுப் பேசலாம். இந்த வசதி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பின்னர் கூறுவேன்.

முதலிற் பார்த்தது 'கடைசி விவசாயி'. எம். மணிகண்டன் இயக்கி 2022இல் வெளியான தமிழகப் படம். குலதெய்வத்துக்குப் படைக்கப் புதுநெல் வேண்டும். ஊரிலே இன்னும் பயிர் செய்பவர் மாயாண்டி என்ற முதியவர் ஒருவர்தாம். அவருக்குக் காதும் மந்தம். வயலிலே இறந்து கிடந்த மயில்களை அவர் மண்ணிற் புதைக்கிறார். மயிலைக் கொன்றவர் அவரே என்று வழக்கு எழுகிறது. மாயாண்டியாக நடித்த நல்லாண்டி உண்மையிலேயே ஒரு விவசாயி. படம் வெளிவருமுன்னரே அவர் மறைந்துவிட்டார் என்பது வருத்தத்திற்குரியது.

மயில் என்றால் எங்கள் பகுதியார் ஒரு பெருமூச்சு விடுவார்கள். 2025 மார்ச் 15ஆம் நாள் காலையில் நாடெங்கும் ஐந்து நிமிட நேரம் குரங்கு, மர அணில், மயில் முதலியவற்றை எண்ணியபோது, நானும் முற்றத்தில் தாளும் பேனாவுமாக நின்றவன். எனவே, படத்தின் மயில்களை நாங்கள் கவிஞரின் கண்கொண்டு பார்க்கவில்லை. எண்பது வயதைக் கடந்த என் தாயார், "பாவம், அந்த மனிதன் சொல்வதை ஒருவரும் கேட்கிறார்களில்லையே" என்று இரண்டு மூன்று முறை கூறினார். படம் நடுவிலே சற்றுத் தளர்ந்து செல்கிறது என்பது என் குறை. தாயாருக்கு அந்தக் குறையும் தோன்றவில்லை. வயல் வேலையின் வேகம் அதுதான் என்றார்.

இரண்டாவது, நம் நாட்டுத் தமிழ்ப் படமாகிய 'பொன்மணி'. 1977இல் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு வெளிவந்தது. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. எழுதியவர் காவலூர் இராசதுரை. சாதியும் சீதனமும் சேர்ந்து ஒரு பெண்ணின் வாழ்வை நெருக்கும் கதை. வசனம் குறைவு, மௌனம் மிகுதி. அடுக்கு வசனங்களிலே வளர்ந்த எனக்கு முதற் கால்மணி நேரம் பொறுமை வேண்டியிருந்தது. பின்னர், வீட்டுத் திண்ணையிலே பேசாமல் அமர்ந்திருக்கும் அந்த மனிதர்களை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றத் தொடங்கியது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஓர் இயக்குநர், எங்கள் வீடுகளின் மௌனத்தை இவ்வளவு கூர்ந்து கேட்டிருக்கிறார் என்பது வியப்பையும் சற்று வெட்கத்தையும் தந்தது.

இடையிலே இன்னொரு படமும் தொடங்கினோம். பெயர் வேண்டாம். வாளும் வெடியுமாக அரை மணி நேரம் சென்றதும், "இத்தனை பேரும் எதற்காகக் கத்துகிறார்கள்?" என்று தாயார் வினவினார். விடை தெரியாமையால் நிறுத்திவிட்டோம்.

மூன்றாவது, பிரசன்ன விதானகே 1997இல் இயக்கிய 'புரஹந்த களுவர' என்னும் சிங்களப் படம். கண்ணிழந்த முதியவர் வன்னிஹாமியின் மகன் போர்முனையில் இறந்தான் என்று முத்திரையிட்ட பெட்டியொன்று வருகிறது. அதைத் திறக்கக்கூடாது என்பது கட்டளை. நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பமிட அவர் மறுக்கிறார். இறுதியிலே மண்ணைத் தோண்டிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தவை வாழைத்தண்டும் கற்களும். முதியவராக நடித்த ஜோ அபேவிக்கிரமவைப் புகழ என்னிடம் சொற்கள் இல்லை. 2000ஆம் ஆண்டில் தடுக்கப்பட்ட இப்படம், உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பின் பயனாக 2001இல் மக்கள் முன் வந்தது.

அன்று எங்களோடு படம் பார்க்க அயல்வீட்டுச் சிங்கள முதியவரும் வந்திருந்தார். வெங்காயம் பயிரிடுபவர், சிரித்துப் பேசுபவர். படம் முடிந்ததும் தேநீரைக் கையில் வைத்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "எங்கள் அண்ணனுடைய மகனின் பெட்டியையும் திறக்க விடவில்லை" என்று மட்டும் சொல்லி எழுந்து சென்றார். நேயர்களே, 18 ஆண்டுகளாக நாங்கள் ஒரே வேலிக்கு இருபுறமும் வாழ்கின்றோம். மழையைப் பற்றிப் பேசியிருக்கின்றோம். வெங்காய விலையைப் பற்றிப் பேசியிருக்கின்றோம். இதனை அவர் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

நான்காவது, ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரொஸ்தமி 1987இல் அளித்த படம். 'நண்பனின் வீடு எங்கே?' என்பது அதன் பெயரின் பொருள். அடியிலே ஓடிய ஆங்கில எழுத்துக்களை மகள் தமிழாக்கிப் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை மிகச் சிறியது. வகுப்பிலே ஓர் ஆசிரியர், கொப்பியில் எழுதாமல் தாளில் எழுதிவந்த சிறுவனின் வீட்டுப்பாடத்தைக் கிழித்துவிடுகிறார். இன்னொருமுறை இப்படி வந்தால் வெளியேற்றிவிடுவேன் என்கிறார். அன்றைக்கே அச்சிறுவனின் கொப்பியை அவன் நண்பன் அஹ்மத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறான். அதைத் திருப்பிக் கொடுக்க மலை கடந்து அடுத்த ஊருக்கு ஓடுகிறான். தாயிடம் சொல்கிறான், அவள் வீட்டுப்பாடத்தை எழுது என்கிறாள். பாட்டனாரோ, பணிவு கற்பிப்பதற்காகவே அவனைச் சிகரெட் எடுத்துவர அனுப்புகிறார். ஒருவரும் அவன் சொல்வதைக் கேட்பதில்லை.

ஆசிரியர் தாளைக் கிழித்த இடத்திலே மகள் படத்தை நிறுத்தினாள். "அப்பா, நீங்களும் இப்படிச் செய்திருக்கிறீர்களா?" என்றாள்.

செய்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நான் உதவி ஆசிரியராயிருந்தபோது, நான்காம் தரத்துச் சிறுவன் ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து கொப்பியின்றி வந்தான். எத்தனை தடவை சொல்வது என்று அதட்டி அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். நான்காம் நாள் கொப்பி வந்தது. திருத்துவதற்காக விரித்தால், ஒரு முனையிலே தமிழ்ப்பாடம். மறு முனையிலே, தலைகீழாக, ஏழாம் தரத்துக் கணிதம். அண்ணனும் தம்பியும் ஒரே கொப்பியை வைத்துப் படித்திருக்கிறார்கள்! அண்ணன் கொண்டுபோன நாட்களிலெல்லாம் தம்பி வெளியே நின்றான். காரணத்தை அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அரசாங்கம் பாடநூல் தருகிறது. சீருடைத் துணியும் தருகிறது. கொப்பி பெற்றோர் வாங்கவேண்டியது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே கொப்பி விலை ஏறிய ஏற்றம் பெற்றோர் யாவரும் அறிந்ததே.

மகளிடம் இதனைச் சொல்லி முடித்தபோது ஒருவரும் பேசவில்லை. பின்னர் படத்தைத் தொடர்ந்தோம். நண்பனின் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாத அஹ்மத், இரவெல்லாம் விழித்து நண்பனுக்கும் சேர்த்தே வீட்டுப்பாடம் எழுதிவிடுகிறான். மறுநாள் ஆசிரியர் கொப்பியைப் பார்த்து நன்று என்கிறார். அவருக்கு இறுதிவரை ஒன்றும் தெரியாது. எனக்காவது கொப்பியின் மறுமுனை தெரிந்தது.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டையும் அடுத்து, 42ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்திருக்கிறார். மாணவர் எங்கள் சொல்லைக் கேட்கவேண்டும் என்பதற்கே அவ்வதிகாரத்தை இத்தனை ஆண்டுகளும் படிப்பித்தேன். கற்பிப்பவனுக்கும் அது பொருந்தும் என்பதை ஒரு பாரசீகச் சிறுவனும், ஓர் உழவரும், கண்ணில்லாத தந்தை ஒருவரும் என் வீட்டு விறாந்தைக்கு வந்து சொல்லவேண்டியிருந்தது.

புதிய தவணை தொடங்கிய முதல் நாள், மணி அடித்து நெடுநேரம் சென்றபின் ஒரு சிறுவன் வாயிலில் வந்து நின்றான். வழக்கமாகச் சொல்லும் சொற்கள் நாவரை வந்துவிட்டன. அவற்றை விழுங்கிக்கொண்டு, "ஏன் தம்பி, என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவன் சொன்ன காரணத்தை இங்கே கூறமாட்டேன். அஃது அவனுக்கும் எனக்கும் உரியது. ஆனால், கேட்டிராவிட்டால் அன்று நான் மீண்டும் ஒரு பிழை செய்திருப்பேன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அயல்வீட்டு முதியவரையும் அவ்வாரமே போய்ப் பார்த்தேன். இருவரும் பேசிக்கொண்டிருந்ததில் இருட்டியதே தெரியவில்லை.