எருக்கு முளைத்த இடம்



"தொழில் வளர்ச்சி பத்தி நாலு வார்த்தை பேசுய்யா" என்றுதான் என்னை அழைத்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஆனால் பேசப் போவது அங்கே காம்பவுண்டு சுவரோரம் நிற்கும் எருக்கஞ்செடியைப் பற்றி. சிரிக்காதீர்கள்!

இடித்த கட்டடக் குப்பை, வறண்ட தரை என்று எங்கேயும் எருக்கு வரும். ஆடு மாடு எளிதில் வாய் வைக்காது. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. "உன் வீட்டுல எருக்கு முளைக்க" என்பது நம்மிடம் பெரிய சாபம். ஆளில்லாத வீட்டில்தானே அது முளைக்கும்? மூடிக் கிடக்கும் ஆலையின் கேட்டில் எருக்கு பூத்து நிற்பதைப் பார்க்கிற பழைய தொழிலாளிக்கு, அந்தச் சாபத்துக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. செடி மேல் குற்றமில்லை. நாம் விட்டுப்போன இடத்துக்கு அது வந்தது, அவ்வளவுதான்.

எருக்கு மட்டமான பூ என்ற எண்ணம் சங்க காலத்திலேயே உண்டு. ஆனால் புறநானூறு 106-ஆம் பாட்டில் கபிலர், எருக்கம்பூவைக் கொடுத்தாலும் தெய்வம் வேண்டாம் என்பதில்லை, பாரியும் அப்படிப்பட்டவன்தான் என்கிறார். காதல் கைகூடாமல் மடலேறப் போகிறவன் சூடுவதும் எருக்கம்பூதான். குறுந்தொகை 17-ஐப் பாருங்கள். வெட்கத்தை விட்டவனுக்கு வேறெந்தப் பூ பொருந்தும்?

சென்னையிலிருந்து வியாசர்பாடி, மூலக்கடை வழியாக நம் பக்கம் வருகிறவர்கள் எருக்கஞ்சேரியைத் தாண்டித்தான் வருகிறார்கள். பெயருக்குள் ஒரு செடி நிற்பதை பஸ்ஸில் எத்தனை பேர் கவனிக்கிறோம்?

தோட்டத்துக்கு வருவோம். புல்வெளி போட எருக்கை வேரோடு பிடுங்குகிறோம். விநாயகர் சதுர்த்திக்கு அதே எருக்கம்பூ மாலைக்கு பஜாரில் பேரம் பேசுகிறோம்! வெள்ளெருக்கு என்றால் கதையே வேறு. வாசலில் வைத்து வளர்க்கிறார்கள். ஊதா பூத்தால் களை, வெள்ளை பூத்தால் லட்சுமி. இரண்டும் ஒரே இனம்தான் ஐயா.

வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கிலையிலும்தான். புழு அந்த விஷத்தைத் தின்று, பறவைகளிடமிருந்து தப்ப அதையே உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. எருக்கைப் பிடுங்கிவிட்டு, "தோட்டத்துல பட்டாம்பூச்சியே காணோமே" என்றால் எங்கிருந்து வரும்?

எங்கள் ஸ்கிராப் யார்டு ஓரத்தில் நாலு செடியை விட்டுவைக்கச் சொன்னேன். "சார், ஆடிட்டுக்கு வர்றவங்க கேட்டா?" என்றார் தோட்டக்காரர். மூலிகைத் தோட்டம் என்று போர்டு எழுதி வைக்கச் சொல்லிவிட்டேன்.