கிலோ 30 ரூபாய்க்குப் போகவிருந்த லேத்து

வாராவாரம் கோடு, இன்டர்வியூ, வேலை மாற்றம்னு பேசுற நான், இன்னைக்கு இரும்பைப் பத்திப் பேசப் போறேன். பின்னாடி 'ர்ர்ர்'னு ஒரு சத்தம் கேட்குதா? அது ஏசி இல்ல. மணலூர்பேட்டையில எங்க மாமா வீட்டுப் பின்கட்டுல ஓடுற ஆறடி லேத்து. ஒன்றரை வருஷம் முன்னாடி இது பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது.

மணலூர்பேட்டை தெரியாதவங்களுக்கு: கள்ளக்குறிச்சி மாவட்டத்துல, தென்பெண்ணை ஆத்தங்கரையில இருக்கிற ஊர். தை மாசம் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையில இருந்து அண்ணாமலையாரே இங்க தீர்த்தவாரிக்கு வருவார். சின்ன வயசுல எனக்கு ஆறுன்னா அந்தத் திருவிழாதான். மணல், பலூன், கரும்பு.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. மழை நிக்கல. டிசம்பர் 2 அதிகாலையில சாத்தனூர் அணையில இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணி திறந்தாங்க. மாமாவோட லேத்துப் பட்டறை ஆத்துக்குக் கொஞ்ச தூரத்துல, வாடகை இடத்துல இருந்துச்சு. சக்கு மூழ்குற அளவுக்குத் தண்ணி. மாமாவுக்கும் அத்தைக்கும் ஒண்ணும் ஆகல, அது போதும்னு எல்லாரும் சொன்னாங்க. மாமா மட்டும் எதுவும் சொல்லல.

சென்னையில இருந்து நான் போய்ச் சேர்ந்தப்போ, லேத்து மேல ஒரு விரக்கடை வண்டல் காய்ஞ்சு வெடிச்சிருந்துச்சு. பழைய இரும்புக்காரர் வந்து பார்த்துட்டுக் கிலோ 30 ரூபாய்னு விலை சொல்லியிருந்தார். சுமார் 700 கிலோ. அதாவது 21,000 ரூபாய். முப்பது வருஷம் அந்த மெஷின் முன்னாடி நின்ன மனுஷன், "எடுத்துக்கட்டும் வுடு மாப்ள"ன்னு சொல்லிட்டார்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். காலேஜ் ஒர்க்‌ஷாப்புல ஒரே ஒரு ஸ்டெப் டர்னிங் பண்ணி, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கினவன். அந்தத் தைரியத்துல, "மாமா, நான் இதை ரெடி பண்றேன்"னு சொல்லி, சுத்துதான்னு பார்க்கச் சக்கைக் கையால பிடிச்சுத் திருப்பினேன். மாமா அந்த வாரத்துலயே முதல் தடவையா சத்தம் போட்டார். "கைய எடு மாப்ள!"

ஏன்னு கேளுங்க. இது பழைய கோன் புல்லி லேத்து. ஸ்பிண்டில், கன்மெட்டல் புஷ்ல உட்கார்ந்திருக்கு. நடுவுல மெல்லிசா ஆயில் இருக்கணும். இப்போ அந்த இடத்துல ஆத்து வண்டல். வண்டலோட சுத்தினா அது வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி வேலை செய்யும். நான் அரைச் சுத்துதான் சுத்தினேன். பத்து சுத்து சுத்தியிருந்தா புஷ்ஷும் போயிருக்கும், ஸ்பிண்டிலும் கீறல் விழுந்திருக்கும். நம்ம பாஷையில சொன்னா, லாக் கூடப் பார்க்காம புரொடக்‌ஷன் சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி.

அடுத்த தப்பு. துருவைப் பார்த்ததும் ஆங்கிள் கிரைண்டரை எடுத்தேன். பெட்டுங்கிறது, அதாவது டூல் போஸ்ட்டைத் தாங்குற கேரேஜ் ஓடுற தண்டவாளம், லேத்தோட உயிர். அதுல இருக்கிற நேர்த்திதான் நீங்க கடையுற பொருள்ல வரும். கிரைண்டர் துருவோட சேர்த்து அந்த நேர்த்தியையும் எடுத்துடும். அதனால மண்ணெண்ணெய், பிளேடு, பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். அவ்வளவுதான். மூணு வாரக் கடைசி அதுக்கே போச்சு.

சின்னச் சாமான்களுக்கு எலக்ட்ராலிசிஸ். பிளாஸ்டிக் டிரம்ல தண்ணி, வாஷிங் சோடா, ஒரு பேட்டரி சார்ஜர். துருப்பிடிச்ச பொருள் மைனஸ்ல, ஒரு பழைய இரும்புத் தகடு பிளஸ்ல. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. காலையில எடுத்தா துரு கறுப்புப் பொடியாத் துடைச்சு வரும். ரெண்டு எச்சரிக்கை. பிளஸ்ல எவர்சில்வர் வைக்காதீங்க, விஷமான குரோமியம் தண்ணியில கலக்கும். அப்புறம், ஹைட்ரஜன் வாயு வரும், அதனால திறந்தவெளியில பண்ணுங்க, பக்கத்துல பீடி சிகரெட் வேண்டாம்.

மோட்டாரைப் பிரிச்சு, நல்ல தண்ணியில கழுவி, நாலு நாள் காய வெச்சோம். காயில் கட்டுற கடையில மெக்கர் வெச்சுப் பார்த்தாங்க. ஒரு மெகா ஓமுக்குக் கீழ இருந்தா கரண்ட் கொடுக்கவே கூடாது. தப்பிச்சது. பேரிங் மட்டும் புதுசு. ஆனா வீட்டுல த்ரீ ஃபேஸ் கிடையாது. அதனால ஒரு வி.எஃப்.டி. வாங்கினேன். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் உள்ள போகும், த்ரீ ஃபேஸ் 230 வெளிய வரும். மோட்டார் பிளேட்டுல 230/415னு ரெண்டும் போட்டிருந்ததால, ஸ்டார் கனெக்‌ஷனை டெல்டாவா மாத்தினா போதும். இதை எலக்ட்ரீஷியனை வெச்சுப் பண்ணுங்க, யூடியூபை வெச்சு இல்ல.

எல்லாம் மாட்டி ஓட விட்டோம். ஓடுச்சு. நான் கை தட்டினேன். மாமா தட்டல. ஒரு கம்பியைச் சக்குல பிடிச்சு, 150 மி.மீ. இடைவெளியில ரெண்டு வளையம் விட்டு, ரெண்டையும் ஒரே செட்டிங்ல லேசாக் கடைஞ்சார். மைக்ரோமீட்டர் வெச்சார். வெளிப்பக்க வளையம் 0.05 மி.மீ. பெருசு. சக்கரம் ஓடுறது வேற, லேத்து நேரா கடையுறது வேற. புது இடத்துத் தரை சமமா இல்ல. அதனால அவ்வளவு பெரிய வார்ப்பிரும்பு பெட்டே லேசா முறுக்கிக்கிட்டு நிக்குது. டெயில் ஸ்டாக் பக்கத்துக் காலுக்கடியில தகடு வெச்சு, கடைஞ்சு, அளந்து, திரும்பத் தகடு வெச்சு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போச்சு. கடைசியில வித்தியாசம் 0.01.

சக்குக்குப் பக்கத்துல பெட் தேய்ஞ்சும் இருக்கு. எல்லா வேலையும் அங்கதானே நடக்கும். இதைச் சரி பண்ணணும்னா பெட்டைப் பெரிய ஊருக்கு அனுப்பி கிரைண்டிங் பண்ணணும், கட்டுப்படி ஆகாது. "அப்போ என்ன மாமா பண்றது?"ன்னு கேட்டேன். "அந்தக் குழி எனக்குத் தெரியும் மாப்ள"ன்னார். அங்க வரும்போது கை தானா கொஞ்சம் கூடக் கொடுக்குமாம். முப்பது வருஷமா ஒருத்தர் கையிலேயே இருக்கிற பக் ஃபிக்ஸ். எங்கேயும் எழுதி வைக்கல. அந்த 21,000 ரூபாய்ல லேத்து மட்டும் போயிருக்காது, இதுவும் போயிருக்கும்னு அப்போதான் எனக்கு உறைச்சது.

இன்னொண்ணு சொல்றேன், கணக்கு பிடிக்கிறவங்களுக்காக. இந்த லேத்தோட லீட் ஸ்குரூ இஞ்சுக்கு நாலு மரை. ஒரு சுத்துக்கு 6.35 மி.மீ. அதுல எப்படி 1.5 மி.மீ. மெட்ரிக் மரை வெட்டுறது? 127 பல் கியர் ஒண்ணு வேணும். ஏன்னா ஒரு இஞ்ச் 25.4 மி.மீ., அதை அஞ்சால பெருக்கினா 127. ஸ்பிண்டில் பக்கம் 30 பல், லீட் ஸ்குரூ பக்கம் 127 பல் போட்டா, துல்லியமா 1.5. எங்க 127 பல் கியர் வெள்ளத்துல காணாமப் போச்சு. மாமா 15க்கு 63ங்கிற கணக்குல ஜோடி போட்டார். 0.8 சதவீதம் தப்பு. சின்ன நட்டு ஏறும், நீளமான மரை பாதியில இறுகும். எங்கே அது செல்லும், எங்கே செல்லாதுன்னு அவருக்குத் தெரியும். ஐ.டி.ஐ.யில படிச்சீங்களா மாமான்னு கேட்டேன். "எட்டாவது"ன்னார்.

இந்த மாதிரி லேத்து நம்ம நாட்டுக்கு வந்த கதையும் பெருசு. ஹரிஹர்ல மைசூர் கிர்லோஸ்கர் 1941ல ஆரம்பிச்சது. சுதந்திரத்துக்கு அப்புறம் 1953ல பெங்களூர்ல எச்.எம்.டி., சுவிட்சர்லாந்து ஓர்லிகான் உதவியோட. பஞ்சாப்ல படாலா, இங்க கோயம்புத்தூர். போர்வெல் மோட்டார், டிராக்டர், கரும்பு ஆலை எல்லாம் ஓடுறது தெரு முனையில இருக்கிற லேத்துக்காரரை நம்பித்தான்.

இப்போ உண்மையைச் சொல்லிடறேன். இதுக்கு ஆன செலவு, பழைய இரும்புக்காரர் சொன்ன விலையை விட அதிகம். லாபம்னு எதுவும் இல்ல. மாமா திரும்பப் பட்டறை போடப் போறதும் இல்ல, முதுகு ஒத்துழைக்கல. ஆனா போன மாசம் பஸ் ஸ்டாண்ட்ல கரும்பு ஜூஸ் விக்கிறவர் தேய்ஞ்ச புஷ்ஷோட வந்தார். மாமா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துட்டார். "நீ கடை மாப்ள, நான் பார்க்கிறேன்."

அதுக்கு முன்னாடி என் முழுக்கைச் சட்டையை மடிக்கச் சொன்னார். கிளவுஸைக் கழட்டச் சொன்னார். சுத்துற மெஷின்ல துணி மாட்டினா கையும் கூடவே போகும். சக்குச் சாவியை எடுத்தாச்சான்னு ரெண்டு தடவை கேட்டார். சாவி சக்குலயே இருக்க ஸ்விட்ச்சைப் போட்டா அது எங்க பறக்கும்னு சொல்ல முடியாது. இது மூணையும் நீங்களும் மனசுல வெச்சுக்கோங்க.

முதல் புஷ் லூசாப் போச்சு. வேஸ்ட். ரெண்டாவது உட்கார்ந்துச்சு. மாமா எடுத்து, கட்டை விரலை உள்ள விட்டுச் சுத்திப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம ஜூஸ்காரர்கிட்ட கொடுத்தார். அவர்கிட்ட இருந்து அதுவே பெரிய விஷயம்.

உங்க ஊர்லயும் ஒரு லேத்துப் பட்டறை இருக்கும். இந்த வாரம் ஒரு தடவை எட்டிப் பாருங்க. அந்த அண்ணன்கிட்ட, "இந்த மெஷின்ல எங்க குழி இருக்கு?"ன்னு கேளுங்க. சொன்னா எழுதி வைங்க. அடுத்த வாரம் பேசலாம்.