சவுக்குச் சருகும் நம்ம மண்ணும்

சேமிப்பு, கடன், தவணை பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். பத்தாவது வரை படித்த நான், சவுக்குச் சருகைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறேன்.

திருவிடந்தை, கோவளம், நெம்மேலி என்று நம்ம கடலோரத்தில் சவுக்குத் தோப்பு பார்க்காதவர் யார்? ஆனால் சவுக்கு ஆதியில் இருந்த மரம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்காக, ரயில் எஞ்சினுக்கும் சேர்த்து, இந்தக் கரையில் பயிராக்கினார்கள். இலை என்று நாம் வாருவதும் இலை இல்லை, மெல்லிய குச்சி. கணுவில் பொடிப்பொடியாய் இருக்கிறதே, அதுதான் இலை.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் வளருது. காய்ந்த சருகின் எடையில் கிட்டத்தட்ட பாதி கார்பன். சருகு கீழே விழுந்தா கரையான், மண்புழு, பூஞ்சாணம், நுண்ணுயிர் எல்லாம் தின்னும். அதுங்க விடுற மூச்சில் பெரும்பகுதி திரும்பவும் காற்றுக்கே போயிடும். மிச்சம் கறுப்பு மக்காக மண்ணில் தங்கும். நம்ம வரவு செலவு மாதிரிதான். செலவு போக மிஞ்சுவது சேமிப்பு. வண்டலூர் காப்புக்காட்டுக்கு யாரும் எரு கொட்டுவதில்லை. அது தன் சருகையே தின்னு வளருது.

நம்முடையது மணல் பூமி. ஊத்துற தண்ணி நிக்காது. மக்கு இருந்தாத்தான் ஈரம் பிடிக்கும். பத்து கிலோ சருகைக் கொளுத்தினால், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து சுமார் 16 கிலோ கரியமில வாயு அப்பவே மேலே போயிடும். "சாம்பலும் உரம்தானே?" என்று கேட்பீர்கள். சாம்பல் சத்து உண்டு, வாஸ்தவம். ஆனா தழைச்சத்து புகையோடு போச்சு, மக்கும் போச்சு.

அதுக்காகச் சருகு வாரவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். சிலிண்டர் தீர்ந்தால் அடுப்பு எரியணும். வாரி விற்றுப் பிழைக்கிற அக்காமாரும் இங்கே இருக்காங்க. மூன்றே விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, மேலே கிடக்கிற புதுச் சருகை மட்டும் வாருங்க. அடியில் கறுத்துக் கிடக்கிறதைச் சுரண்டாதீங்க.

இரண்டு, வழியோரமும் வீட்டோரமும் சுத்தமாக இருக்கட்டும். கோடையில் ஒரு பீடி நெருப்பு போதும், தோப்பே போயிடும்.

மூன்று, மிஞ்சினதைக் கொளுத்தாம குழியில் போடுங்க. ஒரு அடுக்கு சருகு, ஒரு அடுக்கு பச்சைத் தழை, மேலே சாணிக் கரைசல். ஈரம் காயக் கூடாது. சவுக்கு சீக்கிரம் மக்காது, பொறுமை வேணும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் குழுவுக்கு ஒரு குழி என்று தீர்மான நோட்டில் எழுதுவோம். மக்கின எருவை முதலில் நம்ம கீரைப் பாத்திக்குப் போடுவோம், மிஞ்சினால் விற்போம்.