அடுக்கெழுத்து



அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அக்கடலில் படிந்த பாறைகளை நிலவியலார் மூன்று பெருந்தொகுதிகளாகப் பகுப்பர். அடியில் ஊட்டத்தூர்த் தொகுதி. அதன்மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி. அதற்கும் மேல் அரியலூர்த் தொகுதி. முன்னர்ப் படிந்தது கீழே. பின்னர்ப் படிந்தது மேலே. இவ்வொரு விதியை உளங்கொண்டால், கணிப்பொறியில் ஒரு படத்தின்மீது அடுக்கெழுத்து அமைக்கும் கலையில் பாதி விளங்கிவிடும்.

அடுக்கு என்பது யாது? ஒளி ஊடுருவும் தாள்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் ஒவ்வோர் உருவம். மேலிருந்து நோக்கினால் யாவும் சேர்ந்து ஒரே படமாகத் தோன்றும். ஆயினும் ஒரு தாளைத் திருத்தினால் மற்றத் தாள்கள் கெடுவதில்லை. 1990இல் வெளிவந்த போட்டோஷாப் மென்பொருளில் இவ்வசதி முதலில் இல்லை. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பிலேதான் இடம்பெற்றது. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இது உண்டு. ஆகவே பொருள் வசதி இல்லாத மாணவரும் இதனைக் கற்கலாம்.

செய்முறையைக் கூறுகிறேன். அடியில் படம் இருக்கட்டும். அதன்மேல் புதிய அடுக்கில் தடித்த எழுத்துருவில் சொல்லை எழுதுங்கள். அவ்வடுக்கை இருமுறை படியெடுத்து, இரண்டு படிகளையும் மூல எழுத்துக்குக் கீழே வையுங்கள். மேற்படியின் எழுத்துருவைத் தேர்வு செய்து, அத்தேர்வைச் சில புள்ளியளவு விரித்து, இருண்ட நிறத்தால் நிரப்புங்கள், இது விளிம்பு. கீழ்ப்படியைக் கருமையாக்கிச் சற்றே நகர்த்தி, ஓரங்களை மங்கச் செய்து, அடர்த்தியைப் பாதியாகக் குறையுங்கள், இது நிழல். உச்சியிலுள்ள மூல எழுத்துக்கு வெளிர்நிறம் கொடுங்கள். எழுத்து படத்தினின்றும் எழுந்து நிற்கும்.

நிழலை எப்பக்கம் நகர்த்துவது? படத்தில் ஒளி வரும் திசையைக் காணுங்கள். நிழல் அதற்கு எதிர்ப்புறம் விழவேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டுகளைச் சாய்ந்த வெயிலில் நோக்குங்கள். வெட்டின் ஒரு விளிம்பு ஒளிர, மறு விளிம்பு இருள, எழுத்து தெளிவாகும். கல்லுக்கும் எழுத்துக்கும் நிறம் ஒன்றே. வேற்றுமை செய்வது நிழலே.

அக்கல்வெட்டுகள் நமக்கு இன்னொன்றையும் உணர்த்துகின்றன. பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொள்ளவேண்டும். அத்தொல்லையை இன்று அடுக்கெழுத்து மீண்டும் உண்டாக்கிவிடுகிறது! விளிம்பின் நிறம் எழுத்தின் நிறத்தை ஒத்திருந்தால், தடித்த விளிம்பில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'மலர்' என்பது 'மலர' என்றாகும். ண, ஞ முதலிய எழுத்துகளின் சுழிகளும் அடைபட்டுப்போகும். எழுத்தினின்றும் புள்ளியினின்றும் விளிம்பு இருபுறமும் வளர்வதால், அதன் அகலம் அவற்றின் இடைவெளியில் பாதிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். பிற மொழிகளின் எழுத்துக்கு வகுத்த அளவை அப்படியே தமிழுக்குக் கொள்வது பொருந்தாது.

அழகுக்காக எழுத்தா, படிப்பதற்காக எழுத்தா? குருதிக்கொடை முகாம் நடைபெறும் நாளையும் இடத்தையும் பேருந்தில் செல்பவர் ஒரு நொடியில் படித்தாக வேண்டும். படிக்க முடியாத அறிவிப்பால் யாருக்கு என்ன பயன்? வேலையை முடித்தபின் படத்தைச் சிறிதாக்கிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். புள்ளி தெரிகிறதா? சுழி திறந்திருக்கிறதா? இல்லையெனில் அலங்காரத்தைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் அடுக்குகள் யாவும் ஒன்றாய் இறுகிவிடும். நாளை விழாத் தேதி மாறினால் திருத்த வழியிராது. ஆதலின் கிம்ப்பில் எக்ஸ்சிஎப் கோப்பாகவும், போட்டோஷாப்பில் பிஎஸ்டி கோப்பாகவும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். அரியலூர்ப் பாறைகள் அடுக்குக் குலையாமல் இருப்பதாலன்றோ பண்டைக் கடலின் வரலாற்றை இன்று நாம் படிக்க முடிகிறது? உங்கள் உழைப்பும் அவ்வாறே அடுக்குக் குலையாமல் இருக்கட்டும்.